நிற்காதே என்றால் எங்கே நிற்பது?

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் காய்கறி இறக்க வரும் தமிழ் ஓட்டுநரும், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை ஏற்ற வரும் நாமக்கல் ஓட்டுநரும் சாலையோரத்து மஞ்சளை ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. முன்னவருக்கு அது கிழமையும் மணியும் குறித்த உத்தரவு. பின்னவருக்குப் பெரும்பாலும் அது பெயின்ட், அவ்வளவுதான். நம் ஆட்களுக்கு ஒழுக்கம் போதாது என்று இதற்குக் காரணம் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. இரண்டு ஊர் மஞ்சளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வண்டி ஓட்டுகிறவர்களைவிடக் கோடு போட்டவர்கள் வேலை செய்த விதத்தில்தான் பெரிய வேறுபாடு தெரிகிறது.

சிங்கப்பூர்க் கணக்கு சுருக்கமானது. ஓரத்தில் ஒற்றை மஞ்சள் கோடு நேராக ஓடினால், திங்கள் முதல் சனி வரை காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணி வரை அந்தப் பக்கம் நிறுத்தக் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறை நாளும் விலக்கு. அதனால் தீபாவளியன்று ஒற்றைக் கோடு தடுக்காது. வேலை நாளில் வரும் தைப்பூசத்தன்று தடுக்கும், ஏனென்றால் 1968-க்குப் பிறகு அங்கே தைப்பூசம் பொது விடுமுறை இல்லை. இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்த நேரமும் நிறுத்தத் தடை. ஆளை ஏற்றி இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். அந்த இரட்டைக் கோடே வளைந்து வளைந்து போனால் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. கோட்டின் எண்ணிக்கையும் வடிவமும் விதியைச் சொல்லிவிடுவதால், பலகையைத் தேடிக் கழுத்தைத் திருப்ப வேண்டிய தேவை குறைவு. மீறுகிறவர்களைக் கேமரா பிடிக்கும். ஆனால் கேமராவுக்கு முன்பே விதி தெளிவாக இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம்மிடமும் விதி இல்லாமல் இல்லை. சாலைக் குறியீடுகளுக்கென்றே இந்திய சாலைக் காங்கிரஸ் ஐ.ஆர்.சி. 35 என்ற நெறிமுறையை வெளியிட்டு, 1997-இலும் 2015-இலும் திருத்தியிருக்கிறது. அதன்படி சாலை விளிம்பிலோ கரைக்கல்லிலோ விடாமல் ஓடும் மஞ்சள் கோடு நிறுத்தத் தடையைக் காட்டுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் போக்குவரத்துக் குறிகளுக்குத் தரும் விளக்கத்தில் சாலையில் வரையும் கோடுகளும் அடக்கம். ஆக, தார் மேல் பூசிய பட்டைக்கும் கம்பத்தில் நிற்கும் பலகைக்கும் சட்டத்தில் ஒரே குடும்பப் பெயர்தான். ஆனால் மணிக்கணக்கு நம் கோட்டில் இல்லை. அது பலகைக்குக் கீழே தொங்கவேண்டிய சிறு தகட்டில் இருக்கவேண்டும். நீலப் பின்னணி, சிவப்பு வளையம், குறுக்கே ஒரே ஒரு சிவப்புப் பட்டை என்றால் நிறுத்தத் தடை. இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று வெட்டினால் நிற்கவே தடை. கோட்டையும் பலகையையும் தகட்டையும் சேர்த்துப் படித்தால்தான் முழு உத்தரவு கிடைக்கும். மூன்றில் ஒன்று காணாமல் போனாலும் ஓட்டுநர் ஊகத்தில் இறங்கிவிடுகிறார்.

சேலத்தில் மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அரிது. சாலை புதுப்பிக்கும்போது பழைய கோடு தாருக்கு அடியில் போகிறது. குழாய் பதிக்கத் தோண்டினால் நடுவில் அறுபடுகிறது. எஞ்சியதை மழையும் புழுதியும் தின்கின்றன. போதாததற்கு, மஞ்சள் நம் ஊரில் பல வேலை செய்கிறது. சாலை நடுவில் ஓடும் மஞ்சள், தாண்டி முந்தாதே என்கிறது. சந்திப்பில் வலைபோல் போட்ட மஞ்சள் கட்டம், அதற்குள் வண்டியைத் தேக்காதே என்கிறது. நடுத்திட்டில் மாறி மாறி வரும் கறுப்பும் மஞ்சளும் இருட்டில் கல் கண்ணுக்குத் தெரிவதற்காக. ஓரத்து மஞ்சள் ஒன்றுதான் வண்டி நிறுத்துவதைப் பற்றிப் பேசுவது. எல்எல்ஆர் தேர்வைத் தமிழிலேயே எழுதித் தேறிய ஒருவரைக் கேட்டாலும் நடுக்கோட்டைச் சரியாகச் சொல்வார், ஓரக்கோட்டில் தடுமாறுவார். நடுக்கோட்டை மீறினால் எதிரே லாரி வரும். ஓரக்கோட்டை மீறினால் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை.

அந்த வெற்றிடத்தை வேறு அடையாளங்கள் நிரப்பியிருக்கின்றன. நம் கடைவீதிகளில் இருசக்கர வண்டிகளுக்கு எல்லை சொல்வது வெள்ளைக் கோடு. அதற்கு வெளியே சக்கரம் நீண்டால் அபராதம் என்று காவலர் ஒலிபெருக்கியில் சொல்வது பண்டிகைக் காலங்களில் பழகிப்போன குரல். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவின்போது கயிறும் தடுப்புமே விதி. மற்ற நாட்களில் கடைக்காரர்கள் சங்கிலி கட்டுகிறார்கள், பழைய டயர் போடுகிறார்கள், தாங்களே ‘நோ பார்க்கிங்’ எழுதி மாட்டுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 116-ஆம் பிரிவுப்படி, போக்குவரத்துக் குறியை அதற்குரிய அதிகாரம் பெற்றவர்தான் வைக்க முடியும். கடைக்காரரின் பலகைக்கு அந்த வலிமை கிடையாது. அதற்காக அவர் வாசலை அடைத்து நிறுத்தலாம் என்றும் ஆகாது, ஏனென்றால் ஒரு கட்டடத்தின் நுழைவாயிலை மறித்து நிறுத்துவதை விதி தனியாகவே தடுக்கிறது.

பலரும் அறியாத இந்த இடத்தில் சற்று நிற்கலாம். கோடே இல்லாத இடத்திலும் தடை உண்டு. 1989-இல் வந்த சாலை விதிகளைப் போலவே, அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளும் நடைபாதை, பாதசாரிகள் கடக்குமிடம், பேருந்து நிறுத்தத்தின் அருகு, பள்ளி மருத்துவமனை வாசல் ஆகிய எல்லாவற்றிலும் நிறுத்தத்தைத் தடுக்கின்றன. வேறு உத்தரவு இல்லாவிட்டால், சந்திப்பின் விளிம்பிலிருந்து இரு பக்கமும் 50 மீட்டர் வரை நிறுத்தக் கூடாது என்கிறது 2017 ஒழுங்குமுறை. சேலம் ஐந்து ரோட்டில் இந்த 50 மீட்டரை அளந்து பாருங்கள். ஒவ்வொரு கிளையிலும் எத்தனை கடை வாசல்கள் அதற்குள் வருகின்றன என்பது தெரியும். 2020-இல் அங்கே ஈரடுக்கு மேம்பாலம் திறந்தபின் மேலே ஓடும் வண்டிகளுக்கு வழி கிடைத்தது. கீழே கடைக்கு வருகிறவர் வண்டியை எங்கே விடுவது என்ற கேள்வி கீழேயே இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையும் லீ பஜாரும் இன்னும் கடினமான இடங்கள். ஏற்றுவதும் இறக்குவதும்தான் அங்கே பிழைப்பு. நாள் முழுக்க நிறுத்தத் தடை என்று அந்தத் தெருக்களில் கோடு போட்டால், ஒன்று தொழில் நிற்கும், இல்லையென்றால் கோடு செத்துப்போகும். இரண்டாவதுதான் எப்போதும் நடக்கும். சிங்கப்பூரின் ஒற்றைக் கோட்டில் உள்ள நேரக்கணக்கு இங்கேதான் உண்மையில் தேவை: எந்த நேரத்தில் லாரி நின்று சரக்கு இறக்கலாம், எந்த நேரத்தில் தெரு நடப்பவருக்கும் வண்டிக்கும் உரியது என்று வியாபாரிகளும் சுமை தூக்குவோரும் ஒப்புக்கொண்ட மணி ஒன்று வேண்டும். அதற்குப் பிறகு பெயின்ட் வாங்கலாம்.

சேலத்திலிருந்து தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை 44-இல் இறங்கினால் நாமக்கல். 1997 ஜனவரி 1-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. பாடி கட்டும் பட்டறைகள், சமையல் எரிவாயு டேங்கர்கள், முட்டை வண்டிகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், பக்கத்தில் சேலம் மாவட்டத்துச் சங்ககிரி லாரிகள் என்று இந்தச் சமவெளியே சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேலத்தில் கேள்வி ஒரு மணி நேரம் ஸ்கூட்டரை எங்கே விடுவது என்பது. நாமக்கல்லில் லோடு கிடைக்கும்வரை பன்னிரண்டு சக்கர வண்டியை எங்கே விடுவது என்பது. லாரி ஓடினால்தான் வருமானம். ஆனாலும் அதன் வாழ்நாளில் பெரும் பகுதி நிற்பதில் கழிகிறது: லோடுக்காக, சரக்கு இறக்கும் கூடத்தின் வரிசைக்காக, பெரிய நகரங்களில் பகல் நேரத் தடை விலகுவதற்காக, ஓட்டுநரின் தூக்கத்துக்காக. இத்தனை நிற்றலுக்கும் கிடைப்பது பட்டறை வாசல், பெட்ரோல் பங்கு, காலி மனை, கடைசியில் சாலையோரம்.

2023 செப்டம்பர் 6 விடியற்காலை, சேலம்–கோவை நெடுஞ்சாலையில் சங்ககிரி அருகே நின்றிருந்த லாரியின் பின்னால் ஆம்னி வேன் ஒன்று மோதியது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 6 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு வயதுக் குழந்தையும் உண்டு. கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. நகரத்து ஓரக்கோட்டை மீறினால் நெரிசலும் அபராதமும். நெடுஞ்சாலை ஓரத்தில் இருட்டில் நிற்பது உயிரைக் கேட்கும். நம் அபராதப் பட்டியல் இந்த வேறுபாட்டை இன்னும் முழுதாக உணரவில்லை. 2017 ஒழுங்குமுறையை மீறினால், 2019 திருத்தத்தின்படி 500 முதல் 1,000 ரூபாய். பொதுவழியில் இடையூறோ ஆபத்தோ விளைவிப்பதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாயாக இருந்த அபராத உச்சம், 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285-ஆம் பிரிவில் 5,000 ரூபாய் ஆகியிருக்கிறது. கூடுதல்தான். அந்தத் தொகை ஒரு லாரியை நகர்த்தும். நகர்ந்த லாரி அடுத்த கிலோமீட்டரில் நிற்கும்.

சிங்கப்பூர் இந்தச் சுழலை முதல் கண்ணியிலேயே அறுத்தது. மொத்த எடை 5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டி வைத்திருப்பவர், அதை நிறுத்த ஓர் இடம் ஒதுக்கியாகிவிட்டது என்று சான்றிதழ் பெறவேண்டும். அது இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. பெரிய பேருந்துகளுக்கும் டிரெய்லர்களுக்கும் இதே விதி. ஜப்பான் 1962-லேயே கார்களுக்கு இதுபோன்ற சட்டம் இயற்றியது. ஓரத்தில் மஞ்சள் கோடு ‘இங்கே நிற்காதே’ என்கிறது, வரிச்சீட்டு ‘உன் இடம் அங்கே இருக்கிறது’ என்கிறது. ஒரே அரசு இரண்டையும் சொல்வதால்தான் அங்கே முதல் சொல்லுக்கு மதிப்பு.

இதை அப்படியே நாமக்கல்லில் கொண்டுவந்து நட முடியுமா? முடியாது என்றே நினைக்கிறேன். சிங்கப்பூர் முழுவதும் நாமக்கல் மாவட்டத்தின் பரப்பில் கால் பங்குகூட இல்லை. அங்கே வண்டி இரவில் திரும்பிவிடும். நாமக்கல் லாரி கிளம்பினால் குவாஹாத்தி, லூதியானா என்று போய் வாரக்கணக்கில் வெளியே இருக்கும். சொந்த ஊரில் ஷெட் இருந்தாலும், அன்றிரவு அது நிற்கப்போவது நாக்பூருக்கு அப்பால் ஏதோ ஒரு தாபா ஓரத்தில். இன்னொன்று, இங்கே லாரி உரிமையாளர்களில் பலர் ஒன்றோ இரண்டோ வண்டி வைத்திருக்கும் குடும்பத்தினர். வங்கிக் கடனில் வாங்கிய வண்டியை அவரே ஓட்டுவார், அல்லது தம்பி ஓட்டுவார். இடச் சான்றிதழ் வேண்டும் என்றால் அவர் நிலம் வாங்கமாட்டார், பொய்ச் சான்றிதழ்தான் வாங்குவார். பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் எளிதாகும் விதி நம் சமவெளிக்கு ஆகாது.

எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த விதியின் உள்ளிருக்கும் எண்ணம்: தடை போடும் கை இடமும் தரவேண்டும். தனி உரிமையாளரால் முடியாததைப் பொது அமைப்பு செய்யவேண்டும். நாற்கர நெடுஞ்சாலைகளில் லாரிகளுக்கென ஒதுங்குமிடங்கள் சில இடங்களில் அமைத்திருக்கிறார்கள். ஆனால் விளக்கு, தண்ணீர், கழிப்பறை, காவல் இல்லாத இடத்தில் ஓட்டுநர் நிறுத்தமாட்டார். டீசல் திருட்டும் தார்ப்பாயைக் கிழித்துச் சரக்கு திருடுவதும் அவருக்குக் கதையில்லை. டீக்கடை விளக்கின் கீழே, சட்டத்துக்குப் புறம்பாக, அவர் நிறுத்துவதில் அவருக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பின்னால் வருகிறவரின் உயிர் அந்த நியாயத்துக்கு விலையாகக் கூடாது. ஆகவே இடம் கிடைக்கும்வரை ஓட்டுநர் செய்யவேண்டியவையும் உண்டு. தார்ச்சாலையை விட்டு முழுதாக இறங்கி நிறுத்துவது, பார்க்கிங் விளக்கை எரியவிடுவது, பின்புற ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரின் சேற்றைத் துடைப்பது, பழுதென்றால் எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்கு நன்றாகப் பின்னால் வைப்பது. கல்லும் மரக்கிளையும் வைக்கும் பழக்கம் போகவேண்டும். லாரி கிளம்பிய பின்னும் கல் அங்கேயே கிடக்கிறது, அடுத்து வரும் பைக்குக்காக.

சேலம் பழைய பேருந்து நிலையம் ஈரடுக்காக எழுந்து 2023-இல் திறக்கப்பட்டது. நாமக்கல்லுக்கு முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் 2024 அக்டோபரில் கிடைத்தது. பஸ் உரிமையாளரே நிலம் வாங்கி வண்டியை நிறுத்திக்கொள்ளட்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்டாண்டு கட்டுவது அரசின் வேலை என்பதில் கட்சி வேறுபாடுகூட இல்லை. அரிசியும் சிலிண்டரும் முட்டையும் ஏற்றிவரும் லாரிக்கும் அதே கணக்கைப் போடலாம். நாமக்கல்லில் வள்ளிபுரம் பக்கமோ, சேலத்தில் சீலநாயக்கன்பட்டி பைபாஸை ஒட்டியோ, சங்ககிரியிலோ, நெடுஞ்சாலைக்கு அருகில் சில ஏக்கர் நிலம். சுற்றுச்சுவர், விளக்கு, கழிப்பறை, கட்டணம் குறைந்த படுக்கை, இரவுக் காவல். அந்த வாசல் திறக்கும் நாளில் அதன் இரு பக்கமும் சில கிலோமீட்டருக்கு மஞ்சள் கோடு போடட்டும், பலகையில் நேரத்தோடு ‘லாரி நிறுத்துமிடம் இத்தனை மீட்டரில்’ என்று அம்புக்குறியும் இருக்கட்டும். அதற்குப் பிறகும் ஓரத்தில் நிற்கும் வண்டிக்கு 5,000 ரூபாய் போட்டால், லாரி உரிமையாளர்களே அதை எதிர்க்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.