கலிலியோவின் உத்தியோக மாற்றம்

ஓரிடத்து உத்தியோகத்தை விட்டு மற்றோரிடம் செல்லக் கருதும் இளைஞனை நம் சங்கத்துக் குடும்பங்களில் முதற்கண் கேட்கும் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதே. பெற்றோர் கேட்பர்; உற்றார் கேட்பர்; பெண் கொடுக்க வருவோர் அதனையன்றி வேறொன்றும் கேட்பதில்லை. கேள்வி பிழையுடையதன்று. ஆனால் அஃதொன்றே போதுமோ என்று ஆராயப் புகுவார்க்கு, நானூறு ஆண்டுகட்கு முன் இத்தாலி தேசத்தில் ஓர் ஆசிரியர் தம் உத்தியோகத்தை மாற்றிக்கொண்ட வரலாறு பெரிதும் பயன்படும். அவர் பெயர் கலிலியோ கலிலி. வானநூல் வல்லாராக அவரை உலகம் அறியும். இருபதாண்டுகள் சம்பளக் குறைவால் அல்லலுற்ற குடும்பத் தலைவராக அவரை அறிந்தார் மிகச் சிலரே.

கலிலியோ 1564-ஆம் ஆண்டு பீசா நகரிற் பிறந்தவர். தந்தையார் இசைவாணர், செல்வர் அல்லர். 1589-இல் பீசா சர்வகலாசாலையில் கணித ஆசிரியராக அமர்ந்தபோது கலிலியோவுக்குக் கிடைத்தது ஆண்டொன்றுக்கு 60 ஸ்கூடி நாணயம். வைத்தியமும் தத்துவமும் கற்பிப்போர் அதனிற் பன்மடங்கு பெற்றனர். கணிதமோ அக்காலத்துக் கல்விச்சாலைகளிற் கடைவரிசையில் வைக்கப்பட்டிருந்தது. (தமிழாசிரியராகிய எமக்கு இந்நிலை விளங்குதற்கு விரிவுரை வேண்டுவதில்லை.) 1591-இல் தந்தையார் காலமானார். மூத்த மகன் தலையில் குடும்பம் முழுதும் வந்து விழுந்தது. மறுவருடமே வெனிஸ் குடியரசுக்கு உட்பட்ட பதுவா சர்வகலாசாலைக்கு மாறினார். அங்கே 180 புளோரின்.

தமையன்மார் கடன்பட்டுத் தங்கையரைக் கரையேற்றுதல் நம் நாட்டுக்கே உரிய வழக்கம் என்று எண்ணியிருப்பார் இதனைக் கேட்க. 1601-இல் இளைய தங்கை லிவியாவின் விவாகத்திற்குக் கலிலியோ ஒப்புக்கொண்ட சீதனம் 1800 தூக்கத்து. அப்பொழுது அவருடைய ஆண்டுச் சம்பளம் 320 புளோரின்! பாதியைத் தாம் ஏற்பதாகக் கூறிய தம்பி மிக்கலாஞ்சலோ, யாழ்வகைக் கருவி ஒன்றை மீட்டுவதில் வல்லவர். வாக்கைக் காப்பதில் அவ்வளவு வல்லவர் அல்லர். தங்கைமாரின் கணவர் இருவரும் சீதன பாக்கிக்காக வழக்குமன்றம் வரை சென்றனர். கலிலியோ தம் வீட்டில் மாணாக்கர்க்கு உணவும் உறையுளும் அளித்துப் பணம் பெற்றார், தனிப்பாடம் சொன்னார், தாம் அமைத்த கணக்கீட்டுக் கருவி ஒன்றைத் தொழிலாளன் ஒருவனை வைத்துச் செய்வித்து விற்றார். 1606-இல் சம்பளம் 520 ஆயிற்று. வகுப்பும் தனிப்பாடமும் போக, நூல் எழுத நேரமில்லை.

1609-ஆம் ஆண்டு காலம் திரும்பிற்று. ஆலந்து நாட்டில் தொலைநோக்குக் கண்ணாடி ஒன்று தோன்றியதெனக் கேள்வியுற்ற கலிலியோ, தாமே அதனினும் சிறந்ததொன்றை இயற்றி, ஆகஸ்டு மாதத்தில் வெனிஸ் பெருமக்களை மணிக்கூண்டின் மேலேற்றிக் கடலிற் சேய்மையில் வரும் கப்பல்களைக் காட்டினார். அதற்கு விலை பேசாது, குடியரசின் தலைவருக்குக் காணிக்கையாகவே அளித்தார். பேரம் அறிந்தவர் செய்கை அது! மறுநாளே ஆட்சிச் சபை, ஆயுள் முழுதும் உத்தியோகம், ஆண்டுக்கு 1000 புளோரின் என்று தீர்மானித்தது. ஆயின் தீர்மானத்தை ஊன்றிப் படித்தால் இரண்டு முட்கள் தென்படும். நடப்பிலிருந்த உடன்படிக்கை முடிந்த பின்னரே உயர்வு தொடங்கும்; அதன் பின் உயர்வே கிடையாது. கற்பிக்கும் கடமையும் ஆயுள்வரை நீங்கவில்லை.

இந்நிலையில் அவர் உள்ளம் தம் சொந்த நாடாகிய தசுக்கானியை நாடிற்று. அதன் கோமகன் இரண்டாம் கோசிமோ, இளமையில் அவரிடமே கணிதம் கற்றவன். 1609-இல் பட்டம் எய்தியவன். 1610 சனவரியில் வியாழனைச் சூழ்ந்து திரியும் நான்கு துணைக்கோள்களைக் கலிலியோ கண்டார். அவற்றிற்குக் கோசிமோவின் பெயரை இடுவதா, அவன் குலமாகிய மெதிச்சியின் பெயரை இடுவதா என்று அரண்மனைக் காரியதரிசி வின்தாவுக்கு எழுதிக் கேட்டார். குலப்பெயரே வேண்டுமென விடை வந்தபோது நூலின் முற்பகுதி அச்சாகிவிட்டது; துண்டுக் காகிதம் ஒட்டித் திருத்தினர். முகத்துதி என்று இதனை இகழ்வாரும் உளர். 1800 தூக்கத்துக் கடனைச் சுமந்து பாராதவர்க்கு இகழ்தல் எளிது.

1610 மே 7-ஆம் நாள் வின்தாவுக்கு அவர் வரைந்த கடிதமே இவ்வரலாற்றின் நடுநாயகம். சம்பளத்தை அவர் நீட்டிப் பேசவில்லை. வெனிஸ் தருவதாகச் சொன்ன ஆயிரத்தையே அடியாக வைத்தார். வலியுறுத்தியவை வேறு இரண்டு. ஒன்று, ஓய்வு: நாள்தோறும் வருவார் போவார்க்கெல்லாம் பாடம் சொல்லும் கடமையினின்று நீங்கி, மனத்தில் வைத்திருந்த நூல்களை முடித்தற்குக் காலம் வேண்டும். அவை இன்னின்னவை என்று வரிசைப்படுத்தியும் காட்டினார். மற்றொன்று, பட்டம்: "கணிதர்" என்பதோடு "தத்துவர்" என்னும் பெயரும் தமக்கு வேண்டும். வெறும் ஆடம்பரமன்று இது. கணிதர் கணக்கிடலாம், உலகின் இயல்பு இன்னதென உரைக்கும் உரிமை தத்துவர்க்கே உண்டென்பது அக்காலத்து வழக்கு. பூமி சுழல்கின்றது என்று சொல்ல நினைப்பவர்க்கு அப்பெயர் இன்றியமையாததாயிற்று. கேட்டவை கிடைத்தன: 1610 சூலையில் வந்த ஆணைப்படி ஆண்டுக்கு 1000 ஸ்கூடி, பீசா சர்வகலாசாலையின் தலைமைக் கணிதர் பதவி, அங்கே வசிக்கவோ கற்பிக்கவோ வேண்டுவதில்லை, கோமகனின் கணிதரும் தத்துவரும் என்னும் பட்டமும் உண்டு. செப்டம்பரில் அவர் புளோரன்ஸ் சேர்ந்தார்.

ஆயுள்வரை உயர்த்தித் தந்த மறு ஆண்டே விலகிப் போனவர்மீது வெனிஸ் பெருமக்கள் மனங்கசந்தனர். அவருடைய உயிர்த்தோழர் சக்ரேதோ அவ்வமயம் சிரியா நாட்டில் வெனிஸின் தூதாண்மை வகித்திருந்தார். அருகிருந்தால் தடுத்திருப்பாரோ, என்னவோ! 1611-இல் திரும்பியவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வெனிஸில் இருந்த சுதந்தரம் வேறெங்குக் கிட்டும்? இளங்கோமகன் நல்லவனே, ஆயினும் அரண்மனை அலைகடல் போன்றது. அன்றியும், இப்பொழுது நீர் வாழுமிடத்தில் இயேசு சபையாரின் செல்வாக்கு மிகுதி. இதுவே அக்கடிதத்தின் சாரம்.

அச்சத்திற்குக் காரணம் உண்டு. 1606-இல் போப்பாண்டவர் வெனிஸ் மீது சமயத் தடை விதித்தபோது, அக்குடியரசு பணியாமல் இயேசு சபையாரைத் தன் எல்லையினின்றும் வெளியேற்றிற்று. தசுக்கானிக் கோமக்களோ உரோமாபுரியோடு முரணும் வன்மை இலர். ஆயினும் வெனிஸில் இருந்திருந்தால் கலிலியோவுக்கு ஒரு தீங்கும் வந்திராது என்று சாதிப்பதும் பொருந்தாது. தன்னகத்தே சிறைப்பட்ட புருனோ என்னும் அறிஞரை 1593-இல் உரோமாபுரிக்கு ஒப்படைத்ததும் அதே வெனிஸ்தான்.

கோசிமோ 1621-இல் முப்பது வயதில் மாண்டான். அவன் மகன் பத்து வயதுச் சிறுவன். பாட்டியும் தாயும் ஆட்சியை நடத்தினர். 1632-இல் பூமி சுழற்சி பற்றிய உரையாடல் நூல் வெளிவந்தது. சமய விசாரணை மன்றம் எழுபது வயதை நெருங்கிய முதியவரை உரோமாபுரிக்கு அழைத்தது. அப்போது வளர்ந்து ஆட்சியேற்றிருந்த கோமகன் பல்லக்குக் கொடுத்து அனுப்பினான். போகாமல் நிறுத்த அவனால் இயலவில்லை. 1633 சூன் 22-இல் தீர்ப்பு. அதன் பின் 1642-இல் இறக்குமளவும் கலிலியோ காவலிலேயே இருந்தார். பெரும்பாலும் புளோரன்ஸுக்கு அணித்தாகிய ஆர்ச்செத்ரியில் தம் இல்லத்திலேயே வைக்கப்பட்டிருந்தார்.

அக்காவலில் அவர் முடித்த இறுதி நூல் 1638-இல் ஆலந்து நாட்டு லைடன் நகரில் அச்சேறியது. வெனிஸ் கப்பற்கட்டும் துறையைப் புகழ்ந்து அது தொடங்குகின்றது. அதில் உரையாடுவோருள் ஒருவர், 1620-இலேயே மறைந்துவிட்ட சக்ரேதோ. இரு கண்ணும் இழந்திருந்த 1640-ஆம் ஆண்டில் ஓர் அன்பருக்கு எழுதுவித்த மடலில், தம் வாழ்நாளிற் சிறந்தவை பதுவாவிற் கழித்த பதினெட்டாண்டுகளே என்று கலிலியோ குறித்திருக்கின்றார். கடன்காரர் வாயிலில் நின்ற ஆண்டுகள் அவை.