பெயரிலா ஓவியமும் இடத்துணிபும்

ஓவியன் தன் கைப்பட இடப்பெயர் எழுதாது விட்ட படத்திற்கு இடம் துணிதல், அடிக்குறிப்பு இழந்த பழம்பாடலுக்குத் திணையும் துறையும் வகுப்பதனை ஒத்ததொரு பணியாகும். ஈரிடத்தும் பின்னையோர் இட்ட பெயர் நாளடைவில் மூலத்தின் உறுப்பாகவே எண்ணப்பட்டுவிடுகின்றது. இதனை, ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னர் தீட்டிய ஒன்பது நீர்வண்ணப் படங்களின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

டர்னர் 1851-இல் மறைந்தார். அவர்தம் பணிமனையில் எஞ்சியவை 1856-இல் நாட்டுடைமை ஆயின. ஓவியக் குறிப்பேடுகள் மட்டும் ஏறத்தாழ 300. தாள்கள் ஏறத்தாழ 30,000. இவற்றை முதற்கண் வகைப்படுத்தியவர் இரசுகின். விரிவான பட்டியல் வகுத்து 1909-இல் இரு தொகுதிகளாக வெளியிட்டவர் பின்பர்க். தாள்களுட் பலவற்றில் இடமோ ஆண்டோ குறிக்கப்படவில்லை. ஆகலின் பட்டியலாசிரியர் இட்ட பெயரே பின்வந்தோர்க்கு வழிகாட்டியாயிற்று.

யாம் குறிப்பிடும் ஒன்பது தாள்களும் ஒரே குறிப்பேட்டினின்றும் பிரிந்தவை. இரவு வானில் செம்மையும் மஞ்சளும் பரவிய பெருந்தீ. அதன்கீழ் ஒளி ததும்பும் நீர். கட்டடமோ புகையினூடே கரைந்து தோன்றும் வடிவு. 1834 அக்டோபர் 16-ஆம் நாள் இரவு இலண்டன் பாராளுமன்ற மனைகள் எரிந்ததை டர்னர் நேரிற் கண்டார். அந்நிகழ்ச்சி பற்றிய இரு பெரு நெய்வண்ண ஓவியங்களை 1835-இல் காட்சிக்கு வைத்தார். எனவே இத்தாள்களும் அவ்விரவினவே எனத் துணிந்தமை வியப்பன்று. அத்துணிபின்மேல் எழுந்த மாளிகையே வியப்பிற்குரியது. எரியும் மனையெதிரே, ஆற்றில் படகிலிருந்தவாறே ஓவியர் விரைந்து தீட்டினார் என்னும் கதையும் இத்தாள்களோடு ஒட்டிக்கொண்டது.

பிலடெல்பியாவிலுள்ள நெய்வண்ண ஓவியத்தில் வெசுடுமினிசுடர்ப் பாலமும் மடாலயத்தின் இரட்டைக் கோபுரங்களும் ஐயமின்றிப் புலனாகின்றன. இத்தாள்களிலோ அத்தகைய அடையாளங்களை உறுதியாகப் பொருத்திக் காட்ட இயலவில்லை. பெயர் முன்னரே தெரிந்தமையால் கண் அவ்விடர்ப்பாட்டைக் கடந்து சென்றது போலும்!

டேட்டு காட்சியகப் பட்டியலாசிரியர் மாத்தியூ இம்சு 2014-இல் வேறு முடிவினை முன்வைத்தார். 1841 அக்டோபர் 30-ஆம் நாள் இலண்டன் கோபுரக்கோட்டையுள் தீப்பற்றி, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பெரும் படைக்கலக் கொட்டில் முற்றும் அழிந்தது. அத்தீயினைக் காட்டும் அக்கால அச்சுப்படங்களோடு ஒப்புநோக்கி, தாள்களில் தோன்றும் கட்டடம் அக்கொட்டிலே எனக் கொண்டார் அவர். மற்றொரு சான்றும் உண்டு. தீ நிகழ்ந்த சின்னாட்களுள் கோட்டைக்குள் செல்ல டர்னர் இசைவு வேண்டினார். கோட்டைக் காவற்றலைவராயிருந்த வெலிங்டன் கோமகன் அதனை மறுத்தார்.

இவ்விரு சான்றுகளும் ஒரே நிறையுடையன அல்ல. இசைவு வேண்டியமை, அத்தீயின்பால் ஓவியருக்கிருந்த வேட்கையைக் காட்டுமேயன்றி, இத்தாள்கள் அதனால் எழுந்தவை எனக் காட்டாது. கட்டட ஒப்புமையே அடிப்படைச் சான்று. கடிதச் செய்தி துணைச் சான்று. துணையை அடிப்படையாக்கின் முன்னையோர் சென்ற வழியிலேயே யாமும் செல்வோம். அவரும் டர்னர் 1834-ஆம் ஆண்டுத் தீயைக் கண்டார் என்னும் புறச்செய்தியிலிருந்தன்றோ தாளின் பொருளைத் துணிந்தனர்! புறநானூற்றுப் பாடலின் அடிக்குறிப்பைப் பாடலோடு வைத்து ஆராயாமல், அதனையே அரசன் வரலாற்றுக்கு முதற்சான்றாகக் கொள்வாரும் இந்நெறியே பற்றுகின்றனர். அகப்பாடல் தலைவனது இயற்பெயர் சுட்டாது எனினும், அவனை இன்ன வேந்தன் எனக் காட்ட முயல்வாரும் நம்மிடையே உளர்.

இம்முடிபால் மாறுவது இடம் ஒன்றேயன்று. படங்களின் காலம் ஏழாண்டு பிற்படுகின்றது. 59 அகவையினர் கைவண்ணமெனக் கருதப்பட்டவை 66 அகவையினர் கைவண்ணம் ஆகின்றன. ஆண்டு தெரிந்த படங்கள் எனக் கொண்டு, காலமறியாப் பிற நீர்வண்ணத் தாள்களை இவற்றோடு ஒப்பிட்டு 1834-ஐ அடுத்து வைத்தார் எவரேனும் இருப்பின், அவ்வரிசை முழுவதையும் மீள நோக்குதல் வேண்டும். டேட்டு பட்டியலில் இப்போது இத்தாள்கள் கோபுரக்கோட்டைக் கொட்டிலின் தீ என்னும் தலைப்பினைப் பெற்றுள்ளன. இத்தலைப்பும் ஓவியர் இட்டதன்று.