தலையில் சூட்டப்பட்ட அமைதி

1984ஆம் ஆண்டு செப்டம்பர் 15, சனிக்கிழமை. பிபிசியின் முதல் அலைவரிசையில் புதிய தொடர் ஒன்று ஆரம்பமாகிறது. திரையில் ஓர் ஆங்கிலேயக் கிராமம். குதிரை வண்டிகள், வயல்வேலை, முரட்டுத் துணி உடுத்திய மனிதர்கள். நூறு இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது, கதை நடக்கும் ஆண்டு 2089 என்று தெரியவருகிறது. அன்று அந்த ஊரில் விழா. ஓர் இளைஞன் பருவம் எய்தியதைக் கொண்டாட எல்லோரும் கூடியிருக்கிறார்கள். மரங்களுக்கு மேலே, மூன்று நெடிய உலோகக் கால்களில் நடந்து வருகிறது ஒரு ராட்சத இயந்திரம். அது அவனைத் தூக்கித் தன்னுள் எடுத்துக்கொள்கிறது. சற்று நேரம் கழித்துத் திருப்பி இறக்கிவிடுகிறது. மழித்த தலையில் ஓர் உலோக வலை பதிந்திருக்கிறது. ஊரார் மகிழ்ந்து அவனை வரவேற்கிறார்கள்.

‘தி டிரைபாட்ஸ்’ என்ற அந்தத் தொடரின் பெயரைத் தமிழில் ‘முக்காலிகள்’ என்று சொல்லலாம். கூடத்தில் கிடக்கும் மரமுக்காலி நினைவுக்கு வந்து சற்றே சிரிப்பூட்டும் சொல்தான். ஆனால் தொடர் காட்டும் உலகத்தினருக்கும் அந்த இயந்திரம் ஏறக்குறைய அப்படி ஒரு பழகிய பொருளே. அவர்கள் அதைக் கண்டு அலறி ஓடுவதில்லை. பிள்ளைக்குக் காது குத்தும் நாளில் குழந்தையின் அழுகையை யாரும் கொடுமை என்று எண்ணுவதில்லையே, அதுபோலத்தான். பெற்றோரே பிள்ளையை அழைத்துவந்து ஒப்படைக்கிறார்கள். தொழில்நுட்பத்தின் வழியே மனிதரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பற்றி எத்தனையோ புனைவுகள் வந்திருக்கின்றன. அந்த அதிகாரம் அன்பின் கைகளாலேயே குழந்தையின் தலைக்கு வந்து சேரும் என்பதைச் சிறுவர்களுக்கே இவ்வளவு தெளிவாகச் சொன்னவை மிகச் சிலவே. இத்தொடரை இன்றும் நினைவுகூர வேண்டியதற்கு அதுவே முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

*

தொடரின் மூலம் ஜான் கிறிஸ்டோபர் எழுதிய மூன்று நாவல்கள். அது புனைபெயர்; இயற்பெயர் சாமுவேல் யூட். 1922இல் பிறந்து 2012இல் மறைந்தவர். புல்லினப் பயிர்கள் அனைத்தையும் ஒரு நோய்க்கிருமி அழித்துவிட, நாகரிகம் சில நாட்களில் குலைந்துபோவதைச் சொல்லும் ‘தி டெத் ஆஃப் கிராஸ்’ (1956) நாவல் வழியாகப் பெரியவர்களின் உலகில் ஏற்கெனவே பெயர் பெற்றிருந்தார். சிறுவர்களுக்காக ஓர் அறிவியல் புனைகதை எழுதும்படி கேட்கப்பட்டபோது, எதிர்காலத்தைவிடக் கடந்தகாலமே தனக்கு ஈர்ப்புடையதாக இருந்தது என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனவே இரண்டையும் இணைத்தார்: இடைக்காலத்தைப் போன்றதோர் எதிர்காலம். ‘தி ஒயிட் மவுன்டன்ஸ்’, ‘தி சிட்டி ஆஃப் கோல்ட் அண்ட் லெட்’ இரண்டும் 1967இலும், ‘தி பூல் ஆஃப் ஃபயர்’ 1968இலும் வெளியாயின. மூன்று கால் இயந்திரம் எச்.ஜி.வெல்ஸின் செவ்வாய்க்காரர்களிடமிருந்து தன்னை அறியாமலேயே வந்துவிட்டது என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் இரண்டுக்குமான வேறுபாடு பெரிது. வெல்ஸின் இயந்திரங்கள் மனிதர்களைக் கொன்று குவிக்கின்றன. கிறிஸ்டோபரின் இயந்திரங்கள் மனிதர்களைப் பேணி வளர்க்கின்றன.

கதைச்சுருக்கம் இதுதான். வில் பார்க்கர் என்ற சிறுவனின் உறவினன் ஜாக். இருவரும் சேர்ந்து எதையெதையோ வியந்து பேசிக்கொண்டிருந்தவர்கள். தொப்பி சூட்டப்பட்ட பிறகு ஜாக் நோயுறவில்லை, துயரப்படவுமில்லை. முன்பைவிட மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறான். கேள்வி மட்டும் போய்விட்டது. அதைக் கண்டு அஞ்சும் வில், நாடோடிப் பித்தனைப்போல் வேடமிட்டு வரும் ஓசிமாண்டியாஸ் என்பவன் மூலம், தெற்கே வெண்மலைகளில் தொப்பியற்ற மனிதர்கள் மறைந்து வாழ்வதை அறிகிறான். வெண்மலைகள் என்பது ஆல்ப்ஸ். உறவினன் ஹென்றி, பிரான்ஸில் சந்திக்கும் ழான் போல் என இருவருடன் அவன் மேற்கொள்ளும் பயணமே முதற்பகுதி. முக்காலிகளின் எஜமானர்கள் வாழும் மூடிய நகரத்துக்குள் போலித் தொப்பியுடன் நுழைந்து, அடிமையாகப் பணிபுரிந்து, உளவறிந்து தப்புவது இரண்டாம் பகுதி. நாவலில் தொப்பி சூட்டும் வயது 14. தொலைக்காட்சியில் அதை 16 ஆக்கினார்கள்.

*

இத்தொடருக்கு பிபிசியிலேயே ஒரு முன்னோடி உண்டு. பீட்டர் டிக்கின்சனின் மூன்று நாவல்களைத் தழுவி, ஆனா ஹோம் எழுதித் தயாரித்த ‘தி சேஞ்சஸ்’ 1975 ஜனவரி முதல் மார்ச் வரை பத்து வாரங்கள் ஒளிபரப்பானது. திடீரென ஒரு பேரோசை எழ, பிரிட்டன் முழுவதும் மக்கள் வெறிகொண்டு இயந்திரங்களை அடித்து நொறுக்குகிறார்கள். தொலைக்காட்சிப் பெட்டி, வாகனம், விவசாயக் கருவி எதுவும் தப்பவில்லை. நாடு பழைய காலத்துக்குத் திரும்புகிறது. இயந்திரத்தைத் தொட்டவர்கள் சூனியக்காரர்களாக விசாரிக்கப்படுகிறார்கள். பெற்றோரைப் பிரிந்த நிக்கி என்ற சிறுமி ஒரு சீக்கியக் கூட்டத்தாருடன் சேர்ந்துகொள்கிறாள். அந்த வெறி சீக்கியர்களைத் தொடவில்லை. ஆகவே எந்தப் பொருள் சுற்றியிருப்பவர்களின் சினத்தைக் கிளறும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. அதை அவர்களுக்கு உணர்த்துவது நிக்கியின் வேலை. கொல்லுவேலை செய்து பிழைக்கும் அவர்களைக் கிராமத்தார் சாத்தானின் பிள்ளைகள் என்று அஞ்சுகிறார்கள். 1970களின் பிரிட்டிஷ் சிறுவர் தொலைக்காட்சியில் சீக்கியக் குடும்பங்கள் இத்தனை கண்ணியத்துடன் கதையின் நடுவில் நின்றது சாதாரண விஷயமல்ல.

மேலோட்டமாகப் பார்த்தால் இரு தொடர்களும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. ஒன்றில் மக்கள் இயந்திரத்தை வெறுக்கிறார்கள். மற்றதில் இயந்திரத்தை வணங்குகிறார்கள். ஆயினும் இரண்டிலும் பறிபோனது ஒன்றே. வெறுப்போ வணக்கமோ, அது அவர்களுடையதாக இல்லை. வெளியிலிருந்து மனத்துக்குள் வைக்கப்பட்டது. தனக்குள் எழும் உணர்ச்சி தன்னுடையதுதானா என்று ஐயப்படும் குழந்தையே இரு கதைகளிலும் நாயகன் அல்லது நாயகி.

இங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. தொழில்நுட்பக் கட்டுப்பாட்டை எதிர்க்கும் கதை என்றதும் அது தொழில்நுட்பத்துக்கே எதிரான கதை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். முக்காலிகள் ஆளும் உலகில் மனிதர் எவரும் புதிதாக எதையும் கண்டுபிடிப்பதில்லை. தொப்பி முதலில் கொல்வது கண்டுபிடிக்கும் ஆசையை. ழான் போல் கண்ணாடி வில்லைகளைக் கொண்டு தனக்குத் தானே மூக்குக்கண்ணாடி செய்துகொண்டவன். அவனுடைய உயரத்தையும் மெலிவையும் கண்டு மற்றவர்கள் அவனைப் ‘பீன்போல்’ என்று கேலியாக அழைக்கிறார்கள். தண்டவாளத்தில் குதிரைகள் இழுத்துச்செல்லும் பெட்டிகளைப் பார்த்து, நீராவியால் இழுக்க முடியாதா என்று யோசிக்கிறான். பாரிஸின் இடிபாடுகளுக்குக் கீழே, கைவிடப்பட்ட சுரங்க ரயில் பாதையில் கிடைக்கும் பழைய கையெறி குண்டுகளே பின்னர் ஒரு முக்காலியை வீழ்த்த உதவுகின்றன. மூவரில் விடுதலைக்கு ஆகச்சிறந்த காரணம் இருப்பது அவனிடம்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வில் பயத்தால் ஓடுகிறான். பீன்போல் அறியும் ஆவலால் ஓடுகிறான்.

*

கதையின் உண்மையான சோதனை பிரான்ஸில் ஒரு பிரபுவின் மாளிகையில் நிகழ்கிறது. நோயுற்ற வில் அங்கே பராமரிக்கப்படுகிறான். அன்பான பெரியவர்கள், வசதி, எலோயிஸ் என்ற பெண்ணின் தோழமை. அங்கேயே தங்கிவிட்டால் என்ன என்று அவனுக்குத் தோன்றுகிறது. அவளும் தொப்பி அணிந்தவள்தான் என்று தெரிந்த பிறகும் அந்த ஆசை முற்றாக மறைவதில்லை. பிறகு போட்டிவிழாவின் அரசியாகத் தேர்வுபெறும் எலோயிஸ், முக்காலிகளின் நகரத்துக்குச் சேவை செய்யப் போவதைப் பெரும்பேறாக எண்ணி விடைபெறுகிறாள். அந்த முகத்தில் இருக்கும் ஆனந்தம்தான் வில்லை அங்கிருந்து விரட்டுகிறது. எலோயிஸாக நடித்த சார்லட் லாங், தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 1984 அக்டோபரிலேயே ஒரு சாலைவிபத்தில் இறந்துபோனார். அந்த விடைபெறும் காட்சியை இன்று பார்க்கும்போது அச்செய்தியை ஒதுக்கிவைத்துப் பார்க்க இயலவில்லை.

நாவலில் இதையொட்டி ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒரு முக்காலி வில்லைப் பிடித்து விட்டுவிடுகிறது. அதன்பின் எங்கே சென்றாலும் முக்காலிகள் பின்தொடர்கின்றன. அவனுடைய அக்குளில் சிறிய உலோகப்பொருள் ஒன்று பதிக்கப்பட்டிருப்பதை நண்பர்கள் கண்டுபிடித்துக் கத்தியால் அறுத்து எடுக்கிறார்கள். 1967இல் எழுதப்பட்ட காட்சி இது. தான் இருக்கும் இடத்தைத் தானே அறிவித்துக்கொண்டு தப்பி ஓடுகிறவன் என்ற சித்திரம், சட்டைப்பையில் கைபேசியுடன் நடக்கும் நமக்கு வேறு பொருள் தருகிறது.

நகரத்துக்குள்ளும் கொடுமை நேர்கோட்டில் வருவதில்லை. கனத்த ஈர்ப்புவிசையாலும் நச்சுக்காற்றாலும் அடிமைகள் விரைவில் நலிந்து மடிகிறார்கள். அதுவும் அவர்களுக்குப் பாக்கியமாகவே தோன்றுகிறது. ஆனால் வில்லின் எஜமான் அவனிடம் பிரியமாகவே இருக்கிறான், செல்லப்பிராணியிடம் காட்டும் பிரியம். பூமியின் காற்றையே தங்களுக்கு ஏற்ப மாற்றப்போகும் திட்டத்தை, அதாவது மனிதகுலத்தின் அழிவை, அந்தப் பிரியத்தின் நடுவேதான் அவன் சொல்கிறான்.

*

தொடரின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ரிச்சர்ட் பேட்ஸ் தயாரிப்பில், முதற்பகுதியை அலிக் ரோவும் இரண்டாம் பகுதியைக் கிறிஸ்டோபர் பென்ஃபோல்டும் எழுதினார்கள். ஒரு சிறு நாவலைப் பதின்மூன்று வாரங்களுக்கு இழுத்தபோது, நாவலில் இல்லாத திராட்சைத் தோட்டக் குடும்பம் ஒன்று வந்து சேர்ந்தது, பயணம் தேங்கியது. முக்காலிகளைக் காணக் காத்திருந்த சிறுவர்கள் பல வாரங்கள் ஏமாந்திருப்பார்கள். இரண்டாம் பகுதியில் எஜமானர்களுக்கும் மேலான ஒளியுருக்களைச் சேர்த்தது கதையை வலுப்படுத்தவில்லை. எனினும் அந்த மந்தகதிக்கு ஒரு பயன் இருந்தது. அடிமைப்பட்ட உலகம் எவ்வளவு அழகாகவும் அமைதியாகவும் இருக்கிறது என்பதைப் பார்வையாளர் வாரக்கணக்கில் அனுபவிக்க நேர்ந்தது. போரில்லை, பதற்றமில்லை. வெயில் படிந்த வயல்கள், அறுவடை, விருந்து. இதை ஏன் விட்டு ஓட வேண்டும் என்ற கேள்வி நியாயமான கேள்வியாகவே திரையில் நின்றது.

இரண்டாம் பகுதி 1985 நவம்பர் 23 அன்று, இருபத்தைந்தாவது அத்தியாயத்துடன் முடிந்தது. நகரத்திலிருந்து தப்பிய வில்லும் பீன்போலும் அரும்பாடுபட்டு வெண்மலைகளுக்குத் திரும்புகிறார்கள். அங்கே சுதந்திர மனிதர்களின் புகலிடம் அழிக்கப்பட்டுக் கிடக்கிறது. இது நாவலில் இல்லாத முடிவு. அடுத்த பகுதிக்கு ஆவலைத் தூண்ட வைக்கப்பட்ட திருப்பம். மூன்றாம் பகுதியோ எடுக்கப்படவே இல்லை. பிபிசி தொடரைக் கைவிட்டது. ஆக, ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்கு அக்கதை தோல்வியிலேயே நின்றுபோனது.

மூன்றாம் நாவலைத் தேடிப் படித்தவர்கள் வெற்றியைக் கண்டார்கள். ஆனால் அங்கும் கிறிஸ்டோபர் எளிய ஆறுதல் தரவில்லை. எஜமானர்களின் கடைசி நகரத்தை அழிக்க ஹென்றி தன் உயிரைத் தருகிறான். தொப்பிகளிலிருந்து விடுபட்ட மனிதர்கள், உலக ஒற்றுமைக்காகக் கூட்டப்பட்ட மாநாட்டில் நாடுநாடாகப் பிரிந்து சண்டையிடுகிறார்கள். முக்காலிகளின் கீழ் இருந்த அமைதி விடுதலையோடு போய்விடுகிறது. எஞ்சியிருக்கும் நண்பர்கள் மீண்டும் வேலையைத் தொடங்க முடிவுசெய்கிறார்கள். விடுதலைக்கு ஒரு விலை உண்டு, அதைப் பிறகும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சிறுவர்களிடம் நேர்மையாகச் சொல்லிவிட்டு முடிகிறது நாவல்.

*

தொடர் வந்த காலத்தில் ஒரு விமர்சனம் எழுந்தது. இருளில் பார்க்கவும் வழியற்ற இந்த முக்காலிகள் நவீன ராணுவங்களை எப்படி வென்றிருக்க முடியும் என்று எழுத்தாளர் பிரையன் ஆல்டிஸ் கேட்டார். கிறிஸ்டோபரின் பதில் 1988இல் ஒரு முன்கதையாக வந்தது: ‘வென் தி டிரைபாட்ஸ் கேம்’. அதில் முதலில் இறங்கும் முக்காலிகள் எளிதாகவே அழிக்கப்படுகின்றன. மக்கள் அவற்றைக் கேலிப்பொருளாக்குகிறார்கள். பிறகு முக்காலிகளை வைத்து ஒரு வேடிக்கைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி வருகிறது. அதைப் பார்ப்பவர்களில் சிலர் அதை விட்டு நீங்க முடியாதவர்களாகிறார்கள். கதைசொல்லியின் சின்னத் தங்கையும் அதில் சிக்குகிறாள். தொப்பிகள் அதற்குப் பின்னரே வருகின்றன; அப்போது அவற்றை அணிந்துகொள்ள ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

தன் கதையைத் தொலைக்காட்சி தொடராக்கிய சில ஆண்டுகளிலேயே, உலகம் வீழ்ந்தது தொலைக்காட்சியின் வழியாகத்தான் என்று எழுதினார் ஓர் ஆசிரியர். இதில் பழிவாங்கல் இருப்பதாக நான் நினைக்கவில்லை. முதல் நாவலில் ஜாக்கின் முகத்தில் அவர் கண்டதையே இங்கும் காண்கிறார். எந்த ராணுவத்தாலும் காக்க முடியாத வாசல் ஒன்று உண்டு. நமக்குப் பிடித்தமானது அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. பிடித்தமான ஒன்றைப் பார்த்து ‘இது என்னுடைய விருப்பம்தானா’ என்று கேட்பது கடினம், குழந்தைக்கு மட்டுமல்ல. ஊரே மகிழ்ந்து நிற்கும் விழாவில் அந்தக் கேள்வியோடு தனியே நின்ற வில் பார்க்கரை, அதனால்தான் பெரியவர்களான பிறகும் மறக்க முடிவதில்லை.