நேஸ்பி: ஜெயித்தவர் முதுகுக்குப் பின்னால் இருந்து ஒரு படம்

1645 ஜூன் 14. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷையரில் நேஸ்பி என்ற சின்ன ஊர். ராஜா முதலாம் சார்லஸின் படையும் பாராளுமன்றத்தின் 'நியூ மாடல்' படையும் மோதப் போகிற அந்த நிமிஷத்தை ராபர்ட் ஸ்ட்ரீட்டர் ஒரு பெரிய செப்புத்தகட்டுப் படமாக வரைந்தார். 1647-இல் ஜோஷுவா ஸ்ப்ரிக் எழுதிய 'ஆங்கிலியா ரெடிவிவா' புத்தகத்தில் அது வந்தது.

ஜூம் பண்ணிப் பார்த்தால் நேரம் போறதே தெரியாது. ஒவ்வொரு காலாட்படைப் பிரிவும் ஒரு கட்டம். நடுவில் நீள ஈட்டிக்காரர்கள், இரு பக்கமும் துப்பாக்கிக்காரர்கள், மேலே கொடிகள். பக்கத்திலேயே தளபதிகளின் பெயர்கள். கீழே நமக்கு முதுகைக் காட்டி நிற்பது பாராளுமன்றப் படை: வலது பக்கம் குரோம்வெல், நடுவில் ஸ்கிப்பன், இடது பக்கம் ஐர்ட்டன். மேலே, எதிரே ராஜா. அதாவது நாம் நிற்கிற இடமே ஜெயித்தவர் பக்கம்தான். ஸ்ப்ரிக், தளபதி ஃபேர்ஃபாக்ஸிடம் மதகுருவாக இருந்தவர். அப்புறம் வேறெப்படி இருக்கும்?

எனக்கு உறுத்தினது வேற. படத்தில் இரண்டு படையும் ஏறக்குறைய சமம் மாதிரி தெரியும். நிஜத்தில் பாராளுமன்றத்திடம் சுமார் 14,000 பேர். ராஜாவிடம் ஏறக்குறைய 10,000 பேர்தான். ஆள்பலத்தால் ஜெயிச்சோம் என்பதைவிட கடவுள் ஜெயிக்க வெச்சார் என்பது ஒரு மதகுருவின் புத்தகத்துக்குப் பொருத்தம். வேணும்னே செய்தாங்கன்னு நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் அந்தச் சமநிலை யாருக்கு வசதி என்பது தெளிவு. இன்னொன்று, சண்டைக்கு முன்னால் ஃபேர்ஃபாக்ஸ் தன் படையை மேட்டு முகட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். இவ்வளவு அழகான அணிவகுப்பை ராஜா முழுசாகப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

அதற்காகப் படம் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. இடது ஓரத்தில் ஒரு வேலி இருக்கிறது பாருங்கள், சல்பி வேலி. அங்கே ஓக்கியின் டிராகூன்கள், அதாவது குதிரையில் வந்து இறங்கிச் சுடுகிறவர்கள். எதிரே பாய்ந்து வந்த இளவரசர் ரூபர்ட்டின் குதிரைப்படையைப் பக்கவாட்டில் சுட்டது இவர்கள்தான். ரூபர்ட் அதையும் மீறி ஐர்ட்டன் பக்கத்தை உடைத்துக்கொண்டு பின்னால் இருந்த சாமான் வண்டிகள் வரை போய்விட்டார். காவலர்கள் சரணடைய மறுத்தார்கள். அவர் திரும்பி வருவதற்குள், எதிரே இருந்த லாங்டேலை விரட்டிய குரோம்வெல், ராஜாவின் காலாட்படை மேல் பக்கவாட்டில் விழுந்துவிட்டார். 4,000-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள்.

நம்ம தொழிலில் டிசைன் டயக்ராம் மாதிரிதான் இதுவும்: சிஸ்டம் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நிலை. பின்னாளில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியபோது, அணிவகுத்து நின்ற இடத்தைத் தாண்டி வடக்கே வெகுதூரம் வரை ஈயக் குண்டுகள் கிடைத்தன. பின்வாங்கிக்கொண்டே சண்டை போட்டிருக்கிறார்கள்.

அந்த ஓட்டத்தில்தான் ராஜாவின் படையோடு வந்திருந்த பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். நூறு பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டார்கள். இன்னும் பலருக்கு முகத்தில் வெட்டு. ஐரிஷ்காரிகள் என்று ஜெயித்தவர்கள் சொன்னார்கள். பலர் வேல்ஸ் பெண்களாக இருந்திருக்கலாம், பேசிய மொழி புரியாததால் வந்த வினை என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். 'போருக்கு முன்' என்ற நிமிஷத்தைத் தேர்ந்தெடுத்த படத்தில் இதற்கு இடமே கிடையாது. ஒவ்வொரு தளபதியின் பெயரையும் எழுதி வைத்த அந்தக் காலத்தில், இந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூட நான் இதுவரை எங்கேயும் பார்க்கவில்லை.