எலிப் பாதமும் எம்சிஆர் செருப்பும்: பாத அழுத்தப் பரிசோதனை வந்த கதை

சுகர் உள்ளவங்களுக்குப் பாத அழுத்தப் பரிசோதனை எழுதிக் குடுத்தா உடனே ஒரு கேள்வி வரும். "வெறும் வயித்துல வரணுமா சார்?"

வேண்டாம், சாப்பிட்டே வாங்க. ஆனா தினமும் போடுற செருப்போட வாங்க. ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1882ல ஜெர்மனியில் பீலி என்ற மருத்துவர், மாவுக்கட்டு போடும் பிளாஸ்டரை மெல்லிய பையில் நிரப்பி அதுமேல ஆட்களை நிக்க வச்சார். பள்ளம் எங்க ஆழமோ அங்க பாரம் அதிகம். 1947ல ஹாரிஸ், பீத் இருவரும் கனடா ராணுவத்தினரின் பாதங்களை ஆராய மை தடவிய ரப்பர் பாயைப் பயன்படுத்தினாங்க. அழுத்தம் கூடின இடம் கருப்பா விழும். எளிமையான கருவி, இன்னும் புழக்கத்துல இருக்கு.

வலியே தெரியாத பாதத்தைப் பத்தின பாடம் நம்ம வேலூர்ல இருந்து வந்தது.

பால் பிராண்ட், 1914ல கொல்லிமலையில் பிறந்தவர். 1946ல வேலூர் சிஎம்சிக்கு அறுவை சிகிச்சை மருத்துவரா வந்தார். தொழுநோய் வந்தா விரல் தானா அழுகி விழும்னு நம்பிய காலம் அது. அவர் பார்த்தது வேற. சதை நல்லாத்தான் இருக்கு, நரம்பு செத்துப்போச்சு. வலி தெரியாததால காயத்து மேலயே நடக்கிறாங்க. மருந்து அளவுக்குச் செருப்பும் முக்கியம்னு அங்க புரிஞ்சது. இன்னிக்கு நாம குடுக்கிற எம்சிஆர் செருப்புக்குப் பின்னாடி வேலூர், கரிகிரி உழைப்பு இருக்கு.

1966ல அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்க நடந்த எலி ஆராய்ச்சிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எலியின் பாதத்தில் மெஷின் மிதமா தட்டும். ஒரு தட்டுக்கு ஒண்ணும் ஆகாது. அதே இடத்தில் தினமும் ஆயிரக்கணக்கில் தட்டினா சில நாள்ல சூடு, வீக்கம், அப்புறம் புண். ஆணியோ கண்ணாடியோ குத்தவே வேண்டாம், நடையே போதும். சர்க்கரையால நரம்பு மரத்துப்போன பாதத்துக்கும் இதே கதைதான்.

செருப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க, சாயம் அடைச்ச நுண்ணிய உருண்டைகள் வச்ச காலுறையையும் அங்க உருவாக்கினாங்க. அழுத்தம் கூடின இடத்தில் உருண்டை உடைஞ்சு நிறம் மாறும். அந்த வேலையை இப்போ சென்சார் செய்யுது.

அதனால வழக்கமான வேகத்துல நடங்க. டாக்டர் பாக்கிறார்னு பரேடு நடை வேண்டாம், மேடையைக் குறி பார்த்தும் கால் வைக்காதீங்க. முந்தின நாள் பிளேடால காய்ப்பைச் சீவிட்டு வராதீங்க (இது நிறைய நடக்குது). அழுத்தம் எங்கன்னு உடம்பே காட்டுற அடையாளம் அது. புண் இருந்தா முதல்லயே சொல்லிடுங்க, அன்னிக்கு நடக்க வைக்கலாமான்னு முடிவு பண்ணணும்.

வேலைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு இருந்தா ரெண்டையும் பையில போட்டு எடுத்துட்டு வாங்க. வீட்டுக்குள்ள வெறுங்கால்னா அதையும் சொல்லுங்க. தேய்ஞ்ச செருப்புன்னு கூச்சப்படாதீங்க. எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்குன்னுதான் முதல்ல திருப்பிப் பார்ப்போம்.