வென்றவர் ஏடும் வணிகர் கல்லும்

தூனிஸ் நகரின் அருகே சிதைந்து கிடக்கும் கார்த்தேஜ், பியூனிக் மக்களின் தலைநகராகும். அவர்கள் அதற்குச் சூட்டிய பெயர் ‘கர்த் ஹதஷ்த்’; புது நகரம் என்பது பொருள். புதியது என்றும் செய்தி என்றும் பொருள்படும் ‘ஹதீஸ்’ எனும் அரபுச் சொல்லின் வேரை நாம் இப்பெயரிலும் காண்கிறோம். இருமொழிகளும் செமித்தியக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

கி.மு. 146இல் உரோமர் அந்நகரை அழித்தனர். மாகோ இயற்றிய 28 வேளாண் நூல்களை மட்டும் இலத்தீனில் பெயர்க்கச் செய்தனர். ஏனையவை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களிடம் சென்று மறைந்தன. ‘பியூனிக் வாக்கு’ என்பது இலத்தீனில் வஞ்சகத்தின் மறுபெயராயிற்று. ஆயினும் அம்மக்கள் நட்ட ஆயிரக்கணக்கான நேர்த்திக்கற்கள், வேண்டியோர் பெயரையும் அவர்தம் தந்தையர் பெயரையும் அவர்கள் மொழியிலேயே கூறுகின்றன.

மதுரையை அடுத்த மாங்குளத்தின் குகைகளிலும் வணிகர் குரல் கல்லில் நிற்கிறது. வெள்ளறை வணிகக் குழுவினர் சமணத் துறவியர்க்கு அளித்த கொடையை அங்குள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். கார்த்தேஜ் வீழ்ந்ததும் அந்நூற்றாண்டிலேயே.

மாங்குளத்து வணிகரை அவர்தம் சொல்லாலேயே நாம் அறிகிறோம். பியூனிக் மக்களுக்கும் அந்நீதி உரியது. பகைவர் ஏட்டை மட்டும் கொண்டு ஒரு சமூகத்தை எடையிடுதல் வரலாறாகாது.