கோல்கொண்டாவின் கப்பலை மாதிரியாகச் செய்ய முடியுமா?

மரத்தில் மாதிரிக் கப்பல் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர் ஹைதராபாத்தில் இருந்தாலும் இலண்டனில் இருந்தாலும், அவர் மேசையில் பெரும்பாலும் உருவாவது ‘விக்டரி’, ‘கட்டி சார்க்’, ‘பவுண்டி’ போன்ற சில கப்பல்களே. பெட்டியைத் திறந்தால் வரைபடமும் அறுத்த பலகைகளும் நூலும் வந்துவிடுகின்றன. கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள நகரம் என்பதால் இதை எவரும் விந்தையாகக் கருதுவதில்லை. ஆனால் 1591இல் ஹைதராபாத்தை நிறுவிய குதுப் ஷாஹி அரசு, சொந்தக் கப்பல்களைக் கடலில் ஓட்டிய அரசு.

1652ஆம் ஆண்டு மே மாதம் பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, பாரசீகத்தின் பந்தர் அப்பாஸிலிருந்து மசூலிப்பட்டினத்திற்குக் கோல்கொண்டா மன்னரின் பெரிய கப்பல் ஒன்றில்தான் வந்தார். பாரசீக அரசர் அனுப்பிய குதிரைகளும் பாரசீக, ஆர்மீனிய வணிகர்களும் அதில் இருந்தனர். பல மாதங்கள் துறையில் வெயில் காய்ந்து நின்றதால் நீருக்கு மேலிருந்த பலகைகள் சுருங்கி இணைப்புகள் விரிந்துபோக, வழியில் கப்பலுக்குள் கடல்நீர் புகுந்ததை அவர் குறித்திருக்கிறார். மாதிரி செய்பவர் இதைப் படித்தால் புன்னகைக்கக்கூடும். நனைத்து வளைத்த மெல்லிய பலகை, முழுதும் உலருமுன் ஒட்டப்பட்டால், பின்னர் சுருங்கி இடைவெளி காட்டுவது அவர் அன்றாடம் காணும் தொல்லை.

அத்தகைய கப்பல்கள் கட்டப்பட்ட இடங்களுள் கோதாவரிக் கழிமுகத்தின் நரசாப்பூர் முதன்மையானது. 1669 முதல் இக்கரையில் உலவிய ஆங்கில மாலுமி தாமஸ் பவுரி, அங்கே கிடைத்த நல்ல மரத்தையும் இரும்பையும், ஆணியும் நங்கூரமும் அடித்த உள்ளூர்க் கொல்லரின் திறனையும் பாராட்டுகிறார். ஆங்கில வணிகர்களே அங்கு கப்பல் கட்டிக்கொண்டனர். இவ்வளவும் தெரிந்தும் கோல்கொண்டாக் கப்பலை மாதிரியாகச் செய்வது அரிது. அளவுகள் ஓடாவியின் கண்ணிலும் கையிலும் இருந்தன, தாளில் அல்ல. பயணியின் வருணனை கப்பலின் பெருமையைச் சொல்லும். ஏராவின் நீளத்தையோ வங்குகளின் வளைவையோ சொல்லாது.

தாள் தரும் வலிமைக்கு ‘டிரிங்கோமலி’ என்னும் போர்க்கப்பல் சான்று. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய கப்பல் அது. அதற்கான வரைபடங்களைச் சுமந்துவந்த ‘ஜாவா’ 1812இல் அமெரிக்கரிடம் தோற்று அழிந்தது. இங்கிலாந்திலிருந்து மறுபடி தேவைப்பட்டது, புதிய நகல் மட்டுமே. நரசாப்பூரில் ஓர் ஓடாவி மாண்டால் நகல் எடுக்க ஏது?

பெருங்கப்பல் கைவிட்டுப் போக, எளிய படகு ஒன்று தப்பியது. 1830களில் சோழமண்டலக் கரைக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி, ஐரோப்பியர் அல்லாதோரின் கலங்களை அளந்து வரைந்தார். 1871 முதல் லூவ்ரின் கடற்படை அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்று, அத்தகைய கலங்களின் மாதிரிகளையும் அங்கே பெருக்கினார். புதுச்சேரிச் சலங்கு அவர் கண்ட கலங்களுள் ஒன்று. மசூலாப் படகு என ஆங்கிலேயர் அழைத்ததும் இவ்வகையே. அப்பெயர் மசூலிப்பட்டினத்திலிருந்து வந்தது என்பது பலர் சொல்லும் விளக்கம், முடிந்த முடிபு அன்று.

சலங்கில் வங்கும் இல்லை, ஆணியும் இல்லை. பலகைகள் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டு, தையலின் அடியில் வைக்கோல் போன்ற திணிப்பு வைக்கப்படும். கரையில் மோதும் அலையில் ஆணியடித்த படகு உடையும், இதுவோ நெகிழ்ந்துகொடுக்கும். ஆகவே பெட்டி மாதிரிகளின் வழக்கமான முறை, அதாவது முதலில் எலும்புக்கூடு, பிறகு பலகை என்பது இங்கு பயன்படாது. தச்சு அச்சு ஒன்றின் மேல் பலகைகளை வளைத்து, ஓரங்களில் துளையிட்டு, அச்சைக் கழற்றிவிட்டே தைக்க வேண்டும். முப்பதடிப் படகை முப்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஓரடி. விரல் தடிமக் கயிறு தையல் நூலாகும். பளபளக்கும் வார்னிஷும் வேண்டியதில்லை. பசையும் தையலின் மேல் படக்கூடாது. பட்டால் நூல் விறைத்து, படகு வளையாது.